படியில்லாத வீடு

தில்லை நகரில் சகாயநாதன் மனை வாங்கியதும், கடை கட்டி வாடகை அள்ளப்போகிறார் என்று எதிர்மாடிப் பாக்கியமேரி தெருவெல்லாம் பரப்பிவிட்டாள். மனிதர் கட்டியதோ, கால் முடியாதவர்களுக்குக் குறைந்த வாடகையில் ஒரு வீடு. வாசலில் படியே இல்லை, சரிவுதான்.

தன் செய்தி பொய்த்த கடுப்பில், கீரைக்குக் கூடையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டே கத்தினாள்: "ஏங்க, வீடா மாட்டுக் கொட்டகையா? ரிட்டயர் பணத்தை இப்படியா கொட்டுவாங்க?"

கீரைக்காரி சிரித்தாள். தெருவும் சிரித்தது.

சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரித்த அன்று ஊரே உள்ளே போய்ப் பார்த்தது. பாக்கியமேரி ஜன்னலைவிட்டு அசையவில்லை.

மறுநாள் கீரை வாங்கும் நேரத்தில் சகாயநாதன் சாவியோடு வந்து கீழே நின்றார். "முசிறிக்காரர் ஒருத்தர் வீடு கேக்குறாருங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கலாம்னு..."

பாக்கியமேரி கயிற்றைப் பாதியில் நிறுத்திச் சாவியையே பார்த்தாள். கீரைக்காரி வேறு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வாய் முந்திக்கொண்டது.

"மாட்டுக் கொட்டகைக்கு என்னை எதுக்குங்க கேக்குறீங்க? தாராளமாக் குடுங்க!"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

முன்பு வாதத்தில் விழுந்தவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, நாற்காலியோடு மாடியேற்றிய நாலு பேரில் அவரும் ஒருவர். அதற்கப்புறம் பாக்கியமேரி அந்தப் படியில் இறங்கவே இல்லை. அவள் கூடை மட்டும்தான் தினமும் தெருவுக்கு இறங்குகிறது.