காத்திருக்கவும்

"டீம் லீடர் பதவி அந்தச் சின்னப் பொண்ணுக்குத்தான் போகும்போல!"

கேண்டீனில் இது காதில் விழுந்ததிலிருந்து சீனியருக்கு டீ உள்ளே இறங்கவில்லை.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய மென்பொருளை, அவர்கள் அலுவலக மாடியிலேயே உட்கார்ந்து, புதிய சர்வருக்கு மாற்றும் வேலை. பாதித் திரைகளை சீனியர் எழுதினாள், மீதியை ஜூனியர். சோதனைக்கு விட்டதும் கவுன்டர் ஊழியர்கள் ஜூனியரைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

"அந்தப் பொண்ணு தங்கங்க!"

தங்கமாம்! என் திரை தட்டினால் பறக்கிறது. ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

வயிற்றெரிச்சலோடு ஜூனியர் எழுதியதை வரி வரியாகத் துருவினாள். இறப்பு க்ளைம் திரையில் வசமாக மாட்டியது.

'சேமி' அழுத்தியதுமே சர்வர் வேலையை முடித்துவிடுகிறது. ஆனாலும் 'காத்திருக்கவும்' என்று ஒரு சக்கரம் வெறுமனே சுற்றுகிறது. அப்படிச் சுற்றச் சொல்லி ஜூனியரே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்!

சீனியரின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"ஏம்மா, மாத்துறதே வேகத்துக்குத்தான். நீ வேணும்னே இழுத்தடிக்கிறியா?"

"அது மட்டும் அப்படியே இருக்கட்டும்க்கா. சார்கிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

சொல்லாமல் இருப்பதா? நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"அவ வேலையில ஒரு பெரிய குறை இருக்கு சார். நான் வாயால சொன்னா பொறாமைன்னுவீங்க. கீழ வந்து நீங்களே பாருங்க."

கீழே க்ளைம் கவுன்டரில் நீள வரிசை. முதலில் நின்ற பெண்ணின் கையில் கணவரின் இறப்புச் சான்றிதழ். கேட்டதற்கெல்லாம் பொம்மை மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கவுன்டர் அம்மா 'சேமி' அழுத்தினார். வாடிக்கையாளர் பக்கம் இருந்த திரையில் சக்கரம் சுற்றத் தொடங்கியது.

"பாத்தீங்களா சார்..." என்று சீனியர் ஆரம்பித்தாள்.

அதற்குள் கவுன்டர் அம்மா கீபோர்டிலிருந்து கையை எடுத்திருந்தார். தண்ணீர் பாட்டிலை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"மெஷின் யோசிக்குதும்மா. ஒரு வாய் குடிங்க. வீட்ல கூட யாராவது இருக்காங்களா?"

அந்தப் பெண் அப்போதுதான் உடைந்து அழுதாள். கவுன்டர் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லோரும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சக்கரம் நின்றது. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

கவுன்டர் அம்மா இவர்களிடம் மெதுவாகச் சொன்னார். "பழைய மெஷின் தானாவே இழுக்கும் சார். அந்தச் சாக்குல நாலு வார்த்தை ஆறுதலா பேசுவோம். சும்மா பேசினா பின்னாடி நிக்கிறவங்க விடுவாங்களா? நான் கேட்டேன்னுதான் அந்தப் பொண்ணு இதைப் புதுசுலயும் வெச்சுக் குடுத்துச்சு."

மேனேஜர் சீனியர் பக்கம் திரும்பினார்.

"என்னமோ பெரிய குறைன்னீங்களே?"

சீனியர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆமா சார். சக்கரம் சீக்கிரமே நின்னுடுது. இன்னும் கொஞ்ச நேரம் சுத்தணும்."