கறுக்காத பாட்டில்

பாட்டிலைப் பார்த்ததுமே தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாப் பாருங்க சார். அந்த ஓரத்துல லேசாக் கறுப்புத் தெரியுதே?"

"அது என் கட்டைவிரல் நிழல்மா," என்றார் நகராட்சியின் தண்ணீர் பரிசோதகர். "உங்க வீட்டுத் தண்ணி சுத்தம். அப்பழுக்கில்லாத சுத்தம்."

உள்ளறையில் அவள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். இந்த மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்ததை விடக் கழிப்பறையில் இருந்த நேரம்தான் அதிகம். தெருவில் பாதி வீடுகளில் இதே கதை.

பஸ் டிரைவரான கணவர் பாட்டிலை வாங்கி, எக்ஸ்ரே படம் பார்க்கிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"கொஞ்சம் குலுக்கினாக் கறுக்குமா சார்?"

"இது என்ன இருமல் மருந்தா?"

பரிசோதகருக்குத் தன் பாட்டிலைப் பற்றிப் பேசுவதென்றால் கொள்ளை ஆசை. யாரும் கேட்காமலே ஆரம்பித்தார். பாட்டிலுக்குள் மருந்தில் தோய்த்த காகிதத் துண்டு ஒன்று இருக்கும். தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால், அதிலுள்ள கிருமிகள் அந்த மருந்தைத் தின்று கொழுத்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு ஒன்றை விடும். மருந்தில் இருக்கும் இரும்போடு அந்த வாயு சேர்ந்ததும் தண்ணீர் மை மாதிரி கறுத்துவிடும்.

"முந்தாநாள் உங்க குழாயில பிடிச்சது. ரெண்டு நாள் கதகதன்னு வச்சிருந்தும் அப்படியே இருக்கு. போன தடவையும் இப்படித்தான்," என்று முடித்தார்.

"அப்ப இதுல சாக்கடையே இல்லையா?" டிரைவர் பர்ஸைப் பறிகொடுத்தவர் குரலில் கேட்டார்.

"துளிகூட இல்ல. பின் தெருப் பாட்டில்தான் தார் மாதிரி கறுத்துப்போச்சு."

"குடுத்து வச்சவங்க," என்று பெருமூச்சு விட்டாள் தையல்காரம்மா.

அவள் பெருமூச்சுக்குக் காரணம் இருந்தது. இரண்டு தெருக்களிலும் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குப் பக்கத்திலேயே ஓடியது. விடியற்காலையில் தண்ணீர் வரும்போது உள்ளேயிருந்து அழுத்தம் இருப்பதால் எதுவும் புகாது. தண்ணீர் நின்றதும் காலிக் குழாய், உறிஞ்சுகிற ஸ்ட்ரா மாதிரி, துருப்பிடித்த ஓட்டைகள் வழியே அக்கம்பக்கத்துக் கசிவையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் புதுக் குழாய் போட நகராட்சியால் இந்த வருஷம் ஒரே ஒரு தெருவுக்குத்தான் முடியும். எந்தத் தெரு என்று பரிசோதகர் இன்று சாயங்காலம் இன்ஜினியரிடம் சொல்ல வேண்டும்.

"புதுக் குழாய் அந்தத் தெருவுக்கா சார் போகணும்?" என்றாள் தையல்காரம்மா. "வீட்டுக்கு வந்தவங்களை உக்காருங்கன்னு சொல்லக்கூடத் தெரியாது அதுங்களுக்கு!"

"அது வாஸ்தவம்தான். வாசல்லயே நிக்க வச்சு, துணி துவைக்கிற குழாயைக் காட்டிட்டு உள்ள போயிட்டாங்க." பரிசோதகர் மேஜை விரிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இங்க வந்தாத்தான் எனக்கு மாப்பிள்ளை உபசாரம்."

"அய்ய, நாங்க என்ன சார் பண்ணிட்டோம்?" என்று வெட்கப்பட்டார் டிரைவர்.

"ஆனா ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல." பரிசோதகர் நெற்றியைச் சொறிந்தார். "முந்தாநாள் சமையலறையில ஒரு மாத்திரையைப் போட்டுப் பார்த்தேனே, அது குளோரினுக்கு. நாங்க கலந்து அனுப்பற குளோரின் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் தண்ணி ரோஸ் நிறமாகும். இங்க ரோஸே வரல. சாக்கடையோட சண்டை போட்டுத்தான் குளோரின் தீர்ந்துபோச்சுன்னா கிருமி இருக்கணும். கிருமியும் இல்ல. எங்க தண்ணிக்கு இப்படி ஒரு குணம் கிடையாதே!"

கணவனும் மனைவியும் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்கள்.

"பகல்ல எல்லாக் குழாயிலயும் மாடித் தொட்டித் தண்ணிதானே வருது? வெயில்ல குளோரின் ஆவியாப் போயிருக்கும்," என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவர் எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து மகள் உள்ளறையிலிருந்து கழிப்பறைக்கு ஓடினாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்தார்கள்.

"சார்," டிரைவரின் குரல் இறங்கியிருந்தது. "எம் பொண்ணு நடிக்கல சார்."

"தெரியுதுப்பா." பரிசோதகர் கறுக்காத பாட்டிலைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் போட்டார். "சரி, இன்னிக்கு இன்ஜினியர்கிட்ட நான் வாயத் திறக்கல. எப்படியாவது ஒரு வாரம் தள்ளிப்போடறேன். இன்னொரு பாட்டில் பிடிச்சுப் பார்த்துடுவோம்."

தையல்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் சார். நீங்கதான் எப்படியாவது எங்களுக்குக் குழாய் வாங்கித் தரணும்."

"அதுக்காக இந்தத் தடவை முதல் நாளே போன் பண்ணிட்டெல்லாம் இருக்க மாட்டேன். அந்தப் பக்கம் வரும்போது, சட்டுனு நுழைஞ்சு பிடிச்சுக்கறேன்."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. தையல்காரம்மா கணவரைப் பார்த்தாள். கணவர் மோட்டுவளையைப் பார்த்தார்.

"அய்யய்யோ, அப்படி மட்டும் பண்ணிடாதீங்க சார்!" என்று பதறினாள் அவள். "வீட்டுக்கு வர்ற மனுஷனுக்கு அந்தக் கண்றாவியவா பிடிச்சுக் குடுக்கறது? தொட்டியக் கழுவி, கேன் தண்ணி வாங்கி ரொப்பி வைக்க எங்களுக்கு ஒரு நாளாவது வேணாமா?"