எதிர்ச் சன்னல் பேச்சிலர்

"சன்னலோரக் கட்டில்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறியே, அங்க வெயில் வறுத்து எடுத்துரும்டி," என்றாள் லூர்டஸ். துபாய் சத்வாவில் அந்தப் பெண்கள் அறைக்கு அவள்தான் பொறுப்பு. ஆறு பேர் நெருக்கியடித்துப் படுக்கும் அறைக்குப் புதிதாகப் பெட்டியோடு வந்திருந்தாள் ரொவீனா.

"நல்லதாப் போச்சுக்கா. மீனை அங்கயே பொரிச்சுக்கலாம்."

லூர்டஸ் சிரித்துவிட்டாள். "சட்டத்தையும் கேட்டுக்கோ. ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது. எதிர்க் கட்டடம் முழுக்க பேச்சிலருங்க. அவனுங்களைப் பார்த்து இளிக்கக் கூடாது."

ரொவீனா பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சன்னலைத் திறந்தாள். கையை உயர்த்தி ஆட்டினாள். எதிர்ச் சன்னலில் பனியனோடு நின்ற ஒருவன் இரண்டு கைகளையும் ஆட்டினான்.

"வந்து கால்கூட கழுவல, அதுக்குள்ள ஒரு பேச்சிலரா? வெக்கமா இல்ல?"

"எதுக்கு வெக்கம்? நம்ம பிலிப்பைன்ஸ்ல, செபூவுல ஊரறிய கோயில்ல வெச்சு எனக்கு மோதிரம் போட்ட பேச்சிலர் அவர். என் ரெண்டு பிள்ளைக்கும் அப்பா." ரொவீனா சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "எங்க ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்தாலும் குடும்பத்துக்கு ஒரு ரூம் கிடைக்கல. பொண்டாட்டியோட தங்க வழியில்லாதவனுக்கு இந்த ஊர்ல பேச்சிலர்னு பேரு. வெச்சுட்டுப் போகட்டும். என் புருஷனை நான் பார்க்கத்தான் செய்வேன்."

லூர்டஸ் சன்னலருகே வந்து எதிர்க் கட்டடத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவர் இங்க சாப்பிட வருவார். நீங்களே கதவைத் திறந்து விடுங்கக்கா."