வியாழக்கிழமை மாத்திரை

"ரத்தம் ஊறாம இருக்க மாத்திரை இருக்கா டீச்சர்?"

முன்பொருநாள் ஒரு குழந்தை கேட்டது. வகுப்பே சிரித்தது. ராமுத்தாய் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, போடியில் இருந்த அதே பள்ளிக்கு வீரலட்சுமி ஆய்வுக்கு வந்தாள்.

வியாழக்கிழமைதோறும் மாணவிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். மற்ற பள்ளிகளில் ரத்தம் கூடியிருக்கிறது. இங்கே கூடவில்லை. ஏன் என்று அவள் எழுதித் தர வேண்டும்.

அவள் யாரையும் விசாரிக்கவில்லை. நேராகக் கைகழுவும் தொட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள்.

சாக்கடை ஓரத்தில் நீலக் கறை. பாதி கரைந்த மாத்திரைகள்.

ரத்தமில்லாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் பிரசவத்தில் உயிர் போய்விடும் என்று எப்போதோ ஒரு நர்ஸம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு வயது ஆக வேண்டும் என்பதையும் சொன்னார். வீடுகள் ரத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டன.

ரத்தம் ஏறிவிட்டால் பெண் தயார்.

அதனால் பிள்ளைகள் துப்பினார்கள்.

பானுப்பிரியா துப்பவில்லை. ஒன்பதாம் வகுப்பு. கபடியில் மூச்சு வாங்குகிறது என்று, கொடுத்ததையெல்லாம் விழுங்கியிருந்தாள்.

அவள் விரலில் ஊசி குத்தியதும் கருவி பன்னிரண்டரை காட்டியது. நல்ல ரத்தம்.

பானுப்பிரியா எண்ணைப் பார்த்தாள். சன்னல் வழியே வாசலைப் பார்த்தாள். அங்கே ஏலத்தோட்டத்து ஜீப்பு காலையிலிருந்து நின்றது. உள்ளே அவள் தாய்மாமன் விஜயபாண்டி. மலைமேல் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. இன்றைய சோதனைதான் பாக்கி.

வந்த ரத்தத்தை உள்ளேயே அனுப்பிவிடுவதுபோல விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஹாரன் அடித்தது.

வீரலட்சுமி அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு வாசலுக்குப் போனாள்.

"ரத்தம் பத்தாதுண்ணே. இப்போதைக்கு ஆகாது."

"திங்கிறது மட்டும் ஆளுக்கு மேல திங்கிறா, எங்கிட்டுத்தான் போகுதோ. சரி, அடுத்த மாசம் வர்றேன்."

ஜீப்பு மலையேறும் முந்தல் சாலையில் மறைந்தது. ஏலக்காய் வாசனை மட்டும் கொஞ்சநேரம் நின்றது.

வீரலட்சுமி பரமசிவன் மலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, சுவரில் எழுதியிருந்த குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசி, மாமன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொன்னாள். ஆய்வில் பன்னிரண்டரை என்று உள்ளபடியே பதிந்தாள். இனி முடிவை வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்றும் சேர்த்தாள்.

பொய் ஜீப்பு வரைக்கும்தான்.

அறையில் யாருமில்லை. ராமுத்தாய் டீச்சர் இறந்து வருடங்களாகிவிட்டன. கேள்வி கேட்ட குழந்தைக்காக அன்று அவரும் இதே வாசலுக்கு நடந்துபோய், நின்றிருந்த ஒரு ஜீப்பிடம் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தார்.

அந்த ஜீப்பு வந்திருந்தது வீரலட்சுமிக்காக.