கதவு நிலையில் பென்சில் கோடு

மூன்று மாதம் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்கக் கடல் தாண்டி வந்த டீச்சரை, தங்க இடம் கொடுத்த வீட்டம்மா வாசலிலேயே நிறுத்தினாள். கதவு நிலையில் அவளுடைய மூன்று பிள்ளைகளின் உயரங்கள் பென்சில் கோடுகளாக வரிசையாக இருந்தன. மூன்று வரிசையும் ஏனோ பெரியவர்களின் தலைமட்டத்தில் தொடங்கிக் கீழே இறங்கின.

“நீங்களும் இனி நம்ம வீட்டு ஆள்தானே டீச்சர்!” என்று சொல்லி, அந்த வரிசைகளுக்குப் பக்கத்தில் டீச்சரின் உயரத்துக்கு ஒரு புதுக் கோடு போட்டாள். டீச்சருக்கு மனசு குளிர்ந்துபோனது.

மறுநாள் காலையில் வீட்டம்மா மறுபடி அளந்து போட்ட கோடு முதல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. பயணக் களைப்பில் கூனி நின்றிருப்போம் என்று டீச்சர் சிரித்துவைத்தாள். வாரம் முடிவதற்குள் அவளுடைய பேன்ட் தரையைக் கூட்டியது. கரும்பலகையின் மேல்வரி எட்டவில்லை. ஊரிலிருந்த அக்காவுக்குப் போன் போட்டு அழுதாள்.

“புது இடத்துல உடம்பு இளைக்கும், சரி. யாராவது உயரத்துல இளைப்பாங்களாடி? பேசாம பல்லக் கடிச்சுக்கிட்டு இரு” என்று அக்கா வைத்துவிட்டாள்.

அன்றே பெட்டியைக் கட்டினாள். தூக்க முடியவில்லை. வீட்டின் கடைக்குட்டி ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். இருவர் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

“எனக்கும் மூணு மாசம்னுதான் சொன்னாங்க” என்றாள் கடைக்குட்டி, குரலைத் தாழ்த்தி.

வாசலில் வீட்டம்மா பென்சிலோடு நின்றாள். டீச்சர் நிலையில் முதுகை ஒட்டி, மூச்சைப் பிடித்து, முடிந்தமட்டும் எக்கி நின்றாள். ஒரு கை அவள் தோளை மெல்ல அழுத்தியது.

“குதிகாலக் கீழ வை, கண்ணு.”