பிரித்துப்போட்ட குல்லா

"மாமி, நம்ம குல்லாவையெல்லாம் காமு மாமி பிரிச்சு, நூலைச் சுத்திச் சுத்தி வச்சிண்டிருக்கா! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ப்ரியா சொல்லி முடிப்பதற்குள் வசந்திக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

ஏறாதா பின்னே? கல்கத்தா லேக் கார்டன்ஸ் குரோஷா பின்னல் குழுவுக்குத் தலைவியாச்சே அவள். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பித்தவள் அவள், அவ்வளவுதான். கான்சர் வார்டில் முடி கொட்டிப்போன பெண்களுக்குக் குல்லா பின்னித் தருவது அவள் யோசனை. மூங்கில் நூலில்தான் பின்னவேண்டும் என்றதும் அவள்தான். யூடியூபில் ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினாள்.

"கம்பளி அரிக்கும். அக்ரிலிக் வேர்க்கும். மூங்கில் நூல் பட்டு மாதிரி. இந்தக் கல்கத்தா புழுக்கத்துக்குச் சில்லுன்னு இருக்கும். மொட்டைத் தலைக்கு இதை விட்டா வேற கிடையாது!"

பத்துப் பெண்கள் விழுந்து விழுந்து பின்னினார்கள். அதையெல்லாம் வாங்கி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுப்பது காமுவின் பொறுப்பு. காமு போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிடயர் ஆனவள். பக்கத்து டாகுரியாவில் தனியாக இருக்கிறாள். குழுவில் அதிகம் வாயைத் திறக்கமாட்டாள்.

"ஊமைக்கோட்டான்! அதான் பேசாமலே இருந்தாளா? சீக்காளி தலைக்குப் போற நூலைத் திருடறவ மனுஷியா?"

"ஒருவேளை வேற ஏதாவது காரணம்..." என்று இழுத்தாள் ப்ரியா.

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு லோகம் தெரியாது. அஞ்சு மணிக்கு எல்லாரையும் உன் வீட்டுக்கு வரச்சொல்லி எனக்குப் போன் போடு. அவ வீட்லேர்ந்தே சேதியைச் சொல்றேன். அப்புறம் இந்த ஊர்ல எந்தத் தமிழ்க்காரா வீட்டு வாசப்படியை மிதிக்கறான்னு பார்த்துடலாம்!"

ஆட்டோவில் ஏறிப் போய் இறங்கியவள், காலிங் பெல்லில் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

காமு கதவைத் திறந்தாள். சாப்பாட்டு மேஜை முழுக்கக் குல்லாக்கள். பாதி பிரித்தது, முழுசாகப் பிரித்தது, உருட்டி வைத்த நூல்கண்டு. காமுவின் கையில் பிரிந்துகொண்டிருந்தது, நீலப் பூ வைத்து வசந்தியே பின்னியது!

"கையும் களவுமா பிடிச்சேனா! வெட்கமா இல்லே உனக்கு? திருடி!"

காமுவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"உட்காருங்கோ மாமி."

"நான் உட்கார வரலே."

காமு பால்கனிக்குப் போய், கொடியில் காய்ந்த குல்லா ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள்.

"இதைத் தலையில போட்டுண்டு பாருங்கோ. நாம முதல் வாரம் கொடுத்தது. வார்டுல ஒரே ஒரு தடவை துவைச்சிருக்கா."

வசந்தி போட்டுக்கொண்டாள். கண் மறைந்தது. மூக்கு மறைந்தது. மேலே இழுத்து விட்டால் மறுபடியும் வழிந்துகொண்டு கீழே வந்தது.

"என்னடி இழவு இது?" என்று குல்லாவுக்குள்ளிருந்தே கேட்டாள்.

"மூங்கில் நூல் அப்படித்தான் மாமி. ஈரம் பட்டா அந்தக் கனத்துலயே நீண்டுபோய்த் தொங்கிடும். யாரோ ஒரு வயசான பெங்காலி மாஷிமா இதைப் போட்டுண்டு, கண்ணு தெரியாம சுவர்ல முட்டிண்டாளாம். சிஸ்டர் மொத்தப் பையையும் திருப்பிக் கொடுத்துட்டா. 'இனிமே கொண்டு வராதீங்க தீதி'ன்னுட்டா. கையைப் பிடிச்சுக் கெஞ்சி ஒரு வாரம் டயம் கேட்டேன்."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் பிரிச்சு, கூட ஒரு பருத்தி இழை சேர்த்து, பொடி ஊசியில நெருக்கமா பின்னினேன். துவைச்சுப் பார்த்துட்டுத்தான் கொண்டுபோறேன். இப்போ அவாளே கேட்டு வாங்கிக்கறா. முப்பத்தெட்டு ஆச்சு. நூல்தான் உயிரை வாங்கறது மாமி. ஊசியில நிக்காம வழுக்கறது, இழை இழையா பிரியறது."

அவள் விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி.

"எங்ககிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"எல்லாரும் எவ்வளவு ஆசையா பின்னினா! ஒண்ணுகூடத் தேறலேன்னு எப்படி மாமி சொல்றது? மனசு விட்டுப்போயிடும். அதோட, இந்த நூலைச் சொன்னது நீங்கதானேன்னு நாலு பேர் உங்களைத்தான் பேசுவா. அது எனக்குப் பிடிக்கலே."

இவளைப் போயா திருடி என்றோம்! வசந்திக்கு நிஜமாகவே அழுகை வந்தது. காமுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுடும்மா" என்று சொல்ல வாயெடுத்தாள்.

போன் அடித்தது. சரியாக ஐந்து மணி.

"மாமி, எல்லாரும் வந்தாச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். காமு மாமி திருடினது நிஜம்தானா?"

காமு அப்படியே நின்றாள். நாளைக்குத் தெருவில் தலைகாட்ட முடியுமா முடியாதா என்பது இந்த ஒரு பதிலில் இருக்கிறது. அவள் கண் வசந்தியின் வாயை விட்டு நகரவில்லை.

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"சீ! யாரைப் பார்த்துத் திருடிங்கறேள்? வாயைக் கழுவுங்கோ! நீங்கள்லாம் பின்னியிருந்த லட்சணத்துக்கு, அத்தனையையும் பிரிச்சுத் திருப்பிப் பின்னச் சொன்னதே நான்தான். காமுவுக்கு இந்த நூலைப் பத்தி என்ன தெரியும், பாவம்! பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுத்துண்டிருக்கேன்!"