மாஸ்டர் படம் போட்ட பொட்டலம்

கடலைக்காரன் தாளைத் திருப்பிக் காட்டினான்.

"யாரோ பொண்ணு," என்றார் வரதன் மாஸ்டர். "அது எதுக்குப்பா எனக்கு? என் படம் இருக்கிற தாளை மட்டும் கிழிச்சுக் குடு. கண்ணாடி போட்டு மேடையில வைக்கணும்."

யாரோ பொண்ணு.

நாளைக்கு ஸ்டேடியத்தில் மாஸ்டருக்குப் பாராட்டு விழா. ஜிம்னாஸ்டிக் பத்திரிகையில் அவர் படம் முழுப் பக்கத்துக்கு வந்த காலம் ஒன்று உண்டு. பத்திரிகை எப்போதோ நின்றுபோனது. ஊரெல்லாம் அலைந்துவிட்டு, பழைய பேப்பர்காரன் கைகாட்டி, ஸ்டேடியம் வாசலில் நிற்கும் இந்தக் கடலை வண்டிக்கு வந்திருக்கிறார்.

வேறெங்கே கிடைக்கும்? அந்த இதழில் கண்ணில் பட்டதையெல்லாம் இவன் எடைக்கு வாங்கிவிட்டானே. கடலைக்காரன் காகிதம் வாங்கினால் எவன் ஏனென்று கேட்பான்?

மாஸ்டரின் அந்த மூஞ்சியில் பொட்டலம் மடிக்க வேண்டும். தின்றவன் கசக்கி எறிய வேண்டும். வருகிறவன் போகிறவன் மிதிக்க வேண்டும். அதற்குத்தான் வாங்கினான்.

ஒன்றைக்கூட மடிக்கவில்லை.

தாளின் பின்பக்கம் தவமணி இருந்தாள். அவன் பெண். கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து, அந்தரத்தில்.

வாங்கி வாங்கி டிரங்குப் பெட்டி நிறைந்ததுதான் மிச்சம்.

படம் வந்த மறுமாசம் அது. "மணிக்கட்டு வீங்கியிருக்கு மாஸ்டர்" என்று அழுதாள். "நடிக்காத, ஏறு" என்றார். ஸ்டேடியம் வேலிக்கு வெளியே இதே வண்டியைப் பிடித்துக்கொண்டு அவன் பார்த்தான்.

ஏறினாள்.

தலைதான் முதலில் தரையைத் தொட்டது.

எவ்வளவு பெரிய மனுஷனானாலும் அந்த முகத்தை மறந்திருக்க மாட்டான் என்றுதான் இன்றைக்குத் தாளைத் திருப்பினான்.

கிழித்தான். கோணாமல், ஒரே இழுப்பில்.

மாஸ்டர் கையை நீட்டினார்.

மாஸ்டர் படம் உள்ளே, தவமணி வெளியே. கூம்பாகச் சுருட்டி முனையைத் திருகினான். சட்டியிலிருந்து கடலையை அள்ளி, சலிக்காமல், சுடுமணலோடு உள்ளே கொட்டினான். நீட்டிய கையில் வைத்தான்.

மாஸ்டர் பதறிக் கை மாற்றினார். மறுபடியும் மாற்றினார்.

"கீழ போட்றாதீங்க மாஸ்டர்," என்றான். "எம் பொண்ணு."

மெதுவாகத்தான் சொன்னான்.

கரண்டியைச் சட்டிக்குள் விட்டு, கொதிக்கும் அடிமணலை நிறைய அள்ளிக்கொண்டு, மாஸ்டர் கையையே பார்த்தபடி நின்றான்.